ரிஜெக்ட் அண்ணன் ஒட்டிய அம்புகள்

இந்த உலகத்தில் எதைப் பார்த்தும் 'நல்லாருக்குது' என்று சொல்லாத ஒரே மனிதர் திருப்பூரில்தான் இருந்தார். அதுவும் எங்கள் தெருவில், எனக்கு எதிர் வீட்டில். கடவுள் உலகத்தைப் படைத்து முடித்த கையோடு அவரைக் கூப்பிட்டு ஒரு பார்வை பார்க்கச் சொல்லியிருந்தால், மலை ஒரு பக்கம் கோணல், கடலில் உப்பு கூடுதல் என்று மொத்தத்தையும் திருப்பி அனுப்பியிருப்பார். நாமெல்லாம் இன்னும் தயாரிப்பில்தான் இருந்திருப்போம்.

அவர் பெயர் ரிஜெக்ட் அண்ணன். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். கூரியர் கொண்டுவருகிறவரே தெருமுனையில் நின்று, "ஏனுங்க, ரிஜெக்ட் அண்ணன் ஊடு எதுங்க?" என்று கேட்டுத்தான் வருவார்.

தாராபுரம் பக்கத்திலிருந்து வந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற பனியனை டியூப் லைட்டுக்குக் கீழே விரித்து, உள்ளும் புறமும் புரட்டி, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, சாயம் ஒரே மாதிரி ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்புக்குறி போட்ட ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அம்பு காட்டுகிற இடத்தைத் தையல்காரர் பிரித்துச் சரிசெய்வார். மற்ற செக்கர்கள் வேலை முடிந்ததும் ஸ்டிக்கர் கட்டை டேபிளிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அண்ணன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். ஊருக்குப் பிடித்த சனி அதுதான்.

டீக்கடை கிளாஸின் விளிம்பில் கீறல் இருந்தால் ஓர் அம்பு. பஸ்ஸில் முன்சீட்டு கிழிந்திருந்தால் ஓர் அம்பு. ஒரு கல்யாணத்தில் மேடையேறி மொய் வைத்தவர், மாப்பிள்ளையை அணைத்து வாழ்த்துகிற சாக்கில் அவர் தோளில் ஓர் அம்பை ஒட்டிவிட்டு இறங்கினார். தோள் தையல் சுருங்கியிருந்ததாம். அந்த ஆல்பம் முழுக்க மாப்பிள்ளை அம்போடுதான் நிற்கிறார். எங்கள் வீட்டு கேட்டின் தாழ்ப்பாள் லேசாகத் துருப்பிடித்திருந்தது. கேட்டில் அதைக் காட்டி ஓர் அம்பு. நான் சுரண்டி எடுத்தேன். மறுநாள் புதிதாக ஒன்று இருந்தது. "அம்மிணி, ஸ்டிக்கரை எடுத்தா துரு போயிருமுங்களா?" என்று கேட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றி அவர் மேலேயே எறிந்திருப்பேன். துருப்பிடித்திருந்ததால் கழற்ற வரவில்லை.

இப்படிப்பட்டவருக்குக் கல்யாணம் நடந்ததே ஓர் அதிசயம். எஸ்தர் அக்கா நாசரேத் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். அதே கம்பெனியில் டெய்லர். ஊரே மெச்சுகிற தையல். ஆனால் அவர் தைத்த பீஸ் மட்டும் அம்போடு அம்போடு திரும்பி வந்துகொண்டே இருந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல் செக்கிங் டேபிளுக்கே போய், "என் தையல்ல என்ன கொறைய கண்டீய?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "கொறை ஒண்ணுமில்லீங்க. திருப்பி அனுப்புனாத்தான நீங்க இந்தப் பக்கம் வருவீங்க" என்றாராம். தன் வாழ்க்கையில் குறையில்லாத பொருளின் மேல் அவர் அம்பு ஒட்டியது அப்போது மட்டும்தான்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள் கயல். குறைமாதக் குழந்தை. பிறந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். உலகத்தில் எதைப் பார்த்தாலும் குறை சொல்லத் தெரிந்த மனிதர், அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நாள் கணக்கில் வாயைத் திறக்காமல் நின்றார் என்று எஸ்தர் அக்கா சொல்லுவார். குழந்தை தேறிவிட்டாள். ஆனால் மழைக்காலம் வந்தால் இளைப்பு வரும். நெஞ்சு விசில் அடிக்கும். அந்த விசில் கேட்டால் அண்ணன் கம்பெனிக்குப் போக மாட்டார்.

கொரோனா வந்தபோது ஊரெல்லாம் பயந்தது. அண்ணன் மட்டும், இத்தனை வருடமாகத் தான் சொல்லிக்கொண்டிருந்ததை உலகம் இப்போதுதான் காதில் வாங்கியிருக்கிறது என்பதுபோல நிமிர்ந்து நடந்தார். கழுத்தில் எந்நேரமும் இஞ்சு டேப் தொங்கும். ரேஷன் கடை வரிசையில் ஆளுக்கு ஆள் அளந்து நிற்கவைத்தார். "அம்மிணி, அரை இஞ்சு அக்கட்டால போங்க. அரை இஞ்சுதானேன்னு நெனைக்காதீங்க, அங்கதான் நிக்கும் அது" என்பார். பால் பாக்கெட்டுக்குச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினார். கேஸ் சிலிண்டரை வாசலில் வெயிலில் காயவைத்தார். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு எரிகிற தீக்குச்சியை ஊத வேண்டும். அணைந்தால் மாஸ்க் ரிஜெக்ட். எங்கள் வீட்டுக்காரர் ஊதியதில் குச்சி அணைந்தது, பக்கத்தில் இருந்த ஊதுபத்தியும் அணைந்தது. மாஸ்க்கின் மேல் அண்ணன் ஓர் அம்பை ஒட்டினார். அந்த அம்போடு எங்கள் வீட்டுக்காரர் மூன்று தெரு சுற்றி வந்து மருந்து வாங்கினார். யாரும் பக்கத்தில் வரவில்லை என்று பெருமையாக வேறு சொன்னார்.

ஊரடங்கு தளர்ந்ததும் கம்பெனிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. பெரியவர்கள் வேலைக்குப் போனார்கள். பிள்ளைகள் வீட்டில் கிடந்தார்கள், ஆளுக்கொரு போனோடு. எனக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்கு வேலை. வீட்டிலிருந்தே பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அதனால் என் மகன் கவினோடு சேர்த்து, மதியம் கயல் சாப்பிட்டாளா என்று எதிர்வீட்டை எட்டிப் பார்ப்பதும் என் வேலையாயிற்று.

ஒருநாள் அப்படிப் போனபோது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அண்ணன் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த கழிவுச் சட்டைகள், எல்லாம் குழந்தைகள் அளவு, சுவரோரம் வரிசையாக உட்காரவைக்கப்பட்டிருந்தன. ஒன்றுக்கு ஒரு கை நீளம், ஒன்றுக்குக் கழுத்து கோணல், சிலவற்றில் அம்பு அப்படியே இருந்தது. கயல் கையில் அளவுகோலோடு நின்று அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ரம்யா."

"உள்ளேன் டீச்சர்." அதையும் அவளே சொன்னாள், குரலைக் கொஞ்சம் மாற்றி.

என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள். "அத்தை, சத்தம் போடாதீங்க. கிளாஸ் நடக்குது."

தட்டிலிருந்த சோறு காய்ந்துபோயிருந்தது. நான் திரும்பி வந்துவிட்டேன். ஆனால் வேலையில் மனம் போகவில்லை. சாயந்திரம் அண்ணனை வாசலிலேயே மறித்து, "அண்ணா, புள்ளை சட்டைகூடப் பேசிட்டு இருக்கறாளுங்க. எனக்கு என்னமோ பண்ணுதுங்க" என்றேன். அவர் முகம் மாறியது. செருப்பைக் கழற்றிவிட்டு வேகமாக உள்ளே போனார். கழுத்திலிருந்து டேப்பை எடுத்தார். சட்டைக்கும் சட்டைக்கும் நடுவே அளந்து, ஒவ்வொன்றாகத் தள்ளி உட்காரவைத்தார்.

"எடவெளி பத்தலீங்க அம்மிணி" என்றார் என்னிடம்.

சிரிப்பதா, அவர் தலையில் ஒன்று வைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் வீட்டுக்கு வந்து, அன்று ராத்திரிச் சமையலில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

தீபாவளி நெருங்குகிற நேரத்தில் அறிவிப்பு வந்தது. சின்ன வகுப்புகளுக்கும் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். பெற்றோர் சம்மதித்தால் அனுப்பலாம், கட்டாயமில்லை. 'வாருங்கள்' என்று சொல்லியிருந்தால் போயிருப்போம். 'வராதீர்கள்' என்று சொல்லியிருந்தால் வீட்டில் இருந்திருப்போம். 'உங்கள் விருப்பம்' என்று சொன்னார்களே, அதில்தான் தெரு முழுக்கத் தூக்கம் போயிற்று.

எங்கள் வீட்டுக்காரர் காலையில் பல் தேய்க்கும்போது, "அனுப்பிறலாம்" என்பார். குளித்துவிட்டு வரும்போது, "வேண்டாம், பொங்கல் போகட்டும்" என்பார். சட்டை பட்டன் போடும்போது மறுபடியும் அனுப்பிவிடுவார். ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு அம்மா மூன்றாம் அலை என்று ஒரு வீடியோ போடுவார். உடனே இன்னொரு அப்பா, அது போன வருடத்து வீடியோ என்பார். அடுத்து ஒருவர் சம்பந்தமே இல்லாமல் குட்மார்னிங் ரோஜாப்பூ அனுப்புவார். நான் மட்டும் ஒழுங்கா? குக்கரில் தண்ணீர் ஊற்றாமல் அரிசியை வைத்து அடுப்பைப் பற்றவைத்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று மறந்தது. அனுப்பி ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் ஒரு பக்கம். அனுப்பாமல் வைத்திருப்பதால் ஏற்கெனவே ஏதோ ஆகிக்கொண்டிருக்கிறதே என்ற பயம் இன்னொரு பக்கம். எதிர்வீட்டில் கயல் ரம்யாவுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

யார் முதலில் சொன்னார்களோ தெரியாது, தெருவில் ஒரு முடிவு வந்தது. ரிஜெக்ட் அண்ணன் போய்ப் பார்க்கட்டும். அவர் பாஸ் போட்டால் எல்லாரும் அனுப்பலாம். இத்தனை வருடம் அவரைக் கேலி பேசியவர்களெல்லாம் அவர் வாசலில் வந்து நின்றார்கள். அவருக்கும் கயலை நினைத்துத் தூக்கமில்லை. "பாக்கறனுங்க" என்று மட்டும் சொன்னார். அவர் ஏதாவது வம்பு செய்தால் இழுத்து வரவேண்டும் என்று எஸ்தர் அக்கா என்னையும் கூட அனுப்பினார்.

பள்ளிக்கூட கேட்டில் வாட்ச்மேன் அண்ணனின் நெற்றியில் வெப்பமானியைக் காட்டினார். அது காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு அண்ணன், "இந்தச் சூட்டுல நான் உசுரோட இருக்க முடியாதுங்களே" என்றார். பேட்டரி இறங்கியிருந்தது. முதல் அம்பு அதன் மேல்.

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. திறக்க வராத சன்னலில் ஓர் அம்பு, சொட்டுகிற குழாயில் ஓர் அம்பு, தாழ்ப்பாள் இல்லாத கழிவறைக் கதவில் ஓர் அம்பு. பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவே டேப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் தவழ்ந்தார். நான் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, யாராவது தெரிந்தவர் பார்த்துவிடுவார்களோ என்று கூனிக் குறுகிப் பின்னாலேயே போனேன்.

தலைமையாசிரியை வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், மெதுவாகப் பேசுகிறவர். "ஏனுங்க, நீங்க கவர்மெண்ட்ல இருந்து வர்றீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க டீச்சர். செக்கிங்குங்க" என்றார் அண்ணன். சொல்லிக்கொண்டே அந்த அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். மாஸ்க்கின் ஓரத்தில் தையல் பிரிந்திருந்தது. அண்ணன் கை சட்டைப்பைக்குப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மாவே பையைப் பார்த்துவிட்டு, "பரவால்லீங்க, ஒட்டுங்க. மாத்திக்கறேன்" என்றார்.

நானாக இருந்தால் அண்ணனை அப்போதே கேட்டுக்கு வெளியே தள்ளியிருப்பேன். அந்த அம்மா அம்பு ஒட்டிய இடங்களையெல்லாம் வரிசையாகச் சரிசெய்தார். திறப்பதற்கு முந்தின நாள் எங்களை மறுபடியும் கூப்பிட்டனுப்பினார். சன்னல் திறந்தது. குழாய் சொட்டவில்லை. கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள். வெப்பமானி அண்ணனை உயிரோடு இருப்பவராகக் காட்டியது. அண்ணன் எல்லா அறைக்கும் போனார், திரும்ப முதல் அறைக்கே வந்தார், மறுபடியும் போனார். சட்டைப்பையில் கையை விட்டு ஸ்டிக்கர் கட்டை நெருடிக்கொண்டே இருந்தார். ஒட்டுவதற்கு ஓர் இடம் கிடைக்கவில்லை. குறை கிடைக்காமல் அந்த மனிதர் தவித்த மாதிரி நான் யாரையும் பார்த்ததில்லை.

"பாஸுங்களா?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"ரிஜெக்ட்டுங்க" என்றார் அண்ணன்.

"என்னங்க கொறை?"

"தெரீலீங்க."

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் அந்த அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கம்பெனில சரக்கு கெளம்பறதுக்கு முன்னால எப்படிங்க பாஸ் போடுவீங்க? எல்லாத்தையும் பிரிச்சுப் பாப்பீங்களா?"

"கடைசில எல்லாத்தையும் பிரிக்க முடியாதுங்க. அங்கங்க பெட்டிய எடுத்துப் பிரிச்சுப் பாப்பமுங்க. கொறை அளவுக்குள்ள இருந்துச்சுன்னா மொத்த லாட்டும் பாஸுங்க."

"அப்ப ஒண்ணு ரெண்டு கொறை தாண்டிப் போறதுண்டுங்களா?"

"போகுமுங்க."

"இங்கயும் அப்படித்தானுங்க. ஒண்ணுமே ஆகாதுன்னு நான் சொன்னா அது பொய்யிங்க. எங்களால ஆனதையெல்லாம் செஞ்சிருக்கறோமுங்க."

அண்ணன் சட்டைப்பையிலிருந்து கையை எடுத்தார். "அது லாட்டுங்க டீச்சர். லட்சம் பீஸ் இருக்குது, ரெண்டு போனா போகுதுன்னு விடலாமுங்க. என்றகிட்ட லாட்டு இல்லீங்க. ஒரே பீஸுங்க."

அவரை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். அன்றைக்குத் திட்ட வாய் வரவில்லை. எனக்கும் கவின் ஒருவன்தான். தலைமையாசிரியை எழுந்து, அண்ணனிடம் ஓர் அம்பைக் கேட்டு வாங்கி, சன்னலோரம் இருந்த ஒரு பெஞ்சின் மேல் ஒட்டினார். "இந்த எடம் கயலுக்குங்க. காத்து நல்லா வரும். நாளைக்கு வராட்டியும் பரவால்லீங்க, எப்ப வந்தாலும் இந்த எடம் அவளுக்குத்தான்" என்றார். அண்ணன் பழக்கதோஷத்தில் அந்த பெஞ்சை ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை.

அவர் ரிஜெக்ட் என்று சொன்ன செய்தி எங்களுக்கு முன்னால் தெருவுக்குப் போய்விட்டது. இஸ்திரிப் பெட்டி போட்டு யூனிபார்ம் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். எங்கள் வீட்டுக்காரர், "நான் அப்பவே சொன்னேன்" என்றார். அவர் அப்போதே இரண்டையும் சொல்லியிருந்தார். நான் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன்.

விடிந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. கவின் குளித்துத் தலை வாரி, போகிறோமா இல்லையா என்று தெரியாமல் பையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குடித்துக்கொண்டிருந்த காபியை அப்படியே வைத்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனேன்.

நடுவீட்டில் கயல் நின்றுகொண்டிருந்தாள். யாரும் சொல்லாமல் அவளாகவே பெட்டியைத் திறந்து, பழைய யூனிபார்மை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் இரண்டாவது படிக்கும்போது தைத்த நீலக் கவுன். இப்போது நாலாவது. கவுன் முட்டிக்கு வெகு மேலேயே நின்றுவிட்டது. முதுகில் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டு மேலே ஏற மாட்டேன் என்றது. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விறைப்பாக வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி நின்றாள்.

அண்ணன் அவளைப் பார்த்தார். கழுத்திலிருந்த டேப் தானாகக் கைக்கு வந்தது. தோளிலிருந்து கீழ்வரை அளந்தார். மறுபடியும் அளந்தார். டேப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, திருப்பிப் பார்த்து, மூன்றாவது முறையும் அளந்தார்.

"டேப்புல ஏதாச்சும் கொறை இருக்குமுங்களா அம்மிணி?" என்றார் என்னிடம். டேப்பை என்னிடம் நீட்டினார். "அரை இஞ்சு முன்னப்பின்ன இருக்கலாம். இது ஒட்டுக்கா அவுட்டா இருக்குதுங்க. இது எப்ப ஆச்சு?"

எஸ்தர் அக்கா சமையல்கட்டிலிருந்தே சொன்னார். "நீங்க ஊரு கதவையும் சன்னலையும் அளந்துகிட்டுத் திரிஞ்சீயள்லா, அப்பதான் வளந்தா."

கயல் தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். அப்பா ஒன்றைத் திரும்பத் திரும்ப அளந்தால் என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியும்.

"நான் ரிஜெக்டாப்பா?"

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் கவுனின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "பீஸ்ல ஒரு கொறையும் இல்லீங் கண்ணு" என்றார். "அளவெடுத்தவன்மேலதான் கொறை." வெளியே தெருவில் யாரோ ஸ்கூட்டரைக் கிளப்பும் சத்தம் கேட்டது. அப்புறம் எழுந்தார். "எஸ்தரு, மிஷினப் போடு."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை ஏற்றுமதிக் கம்பெனிகளில் அவசரச் சரக்கு கிளம்பும் நாளில்தான் பார்க்க முடியும். கவுனுக்கு ஒட்டுப்போட நீலத் துணி வேண்டும். கலர் டிரெஸ் போட்டு அனுப்பலாமே என்றேன். கயல் என்னை ஒரு பார்வை பார்த்தாள், நான் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். நீலத் துணி எங்கே என்று பீரோவைக் கவிழ்த்தார்கள், கொடியைப் பார்த்தார்கள். கடைசியில் எல்லாருடைய கண்ணும் சுவரோரம் போனது. அங்கே இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்த மாணவர்களில் இரண்டு பேர் நீலம்.

அண்ணன் ஒன்றைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். மகளைப் பார்த்தார். கயல் போய், இரண்டு சட்டைகளையும் பார்த்து யோசித்து, ஒன்றை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள்.

"ரம்யாவ எடுத்துக்கங்க. அவதான் இன்னிக்கு நெசமாவே வந்துருவாளே."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடியில் கிடந்த துணியை மடிக்க ஆரம்பித்தேன். அது ஈரத் துணி.

எஸ்தர் அக்கா கத்தரியைப் போட்டார். கீழே ஒரு பட்டை, இரண்டு விலாப் பக்கமும் ஒரு பட்டை. மிஷின் பறந்தது. பனியன் துணியானதால் இழுத்த இழுப்புக்கு வந்தது, ஜிப்பும் ஏறிவிட்டது. ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டு நீலமும் ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துப் பேசாத சம்பந்திகள் மாதிரி இருந்தன. அவசரத்தில் ஓரத் தையல் பாம்பு போனதுபோலப் போயிருந்தது. சாய வித்தியாசத்தைக் கண்டால் கம்பெனியையே இரண்டாக்கிவிடுகிறவர் அண்ணன். அவர் மகளைத் திருப்பி நிறுத்தி, முன்னும் பின்னும் பார்த்தார். கை சட்டைப்பைக்குப் போனது.

கை வெறுமனே வெளியே வந்தது.

"நல்லாருக்குது" என்றார். "நேரமாச்சு, கெளம்புங்க."

எஸ்தர் அக்கா கத்தரியை மடியிலேயே வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடச் சமையலுக்கும் தையலுக்கும் வராத அந்த வார்த்தை, கடைசியில் அவருடைய மகா மோசமான தையலுக்கு வந்தது.

அண்ணன் குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, கயல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். நான் ஓடிப்போய் கவினை இழுத்து வந்தேன். எங்கள் வீட்டுக்காரர், "என்ன முடிவு பண்ணிருக்கறோம்?" என்று கேட்டபடியே செருப்பைத் தேடினார். ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது. தேய்க்காத யூனிபார்மோடு, பாதி பின்னிய சடையோடு பிள்ளைகள் வந்தார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அண்ணன் போனார், தெரு பின்னால் போனது.

கேட்டில் தலைமையாசிரியை நின்றிருந்தார், புது மாஸ்க்கோடு. கயலின் கவுனைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனிடம் மட்டும், "இப்ப பாஸுங்களா?" என்று கேட்டார்.

"சாயந்தரம் சொல்றனுங்க" என்றார் அண்ணன்.

கயல் உள்ளே போனாள். வாட்ச்மேன் நெற்றியைப் பார்த்தார், கையில் மருந்து ஊற்றினார். வராந்தாவில் ஒரு பெண் குழந்தை இவளைப் பார்த்துவிட்டுத் துள்ளியது. அதுதான் ரம்யாவாக இருக்க வேண்டும். இவள் அதன் பக்கம் நாலு எட்டு வைத்தவள், ஏனோ நின்று திரும்பிப் பார்த்தாள். அண்ணன் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அழுது அழுது மாஸ்க் மூக்குக்குக் கீழே இறங்கியிருந்தது. அது அவருக்கே தெரியவில்லை.

கயல் திரும்பி ஓடி வந்தாள். கம்பிக்கு நடுவே கையை விட்டு, அவர் சட்டைப்பையிலிருந்து ஓர் அம்பை உரித்தாள். எட்டி, அவர் மாஸ்க்கின் மேல், மூக்கைக் காட்டுகிற மாதிரி ஒட்டினாள்.

"மூக்குப்பா" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

அவர் மாஸ்க்கை மேலே ஏற்றிக்கொண்டார். அம்பை எடுக்கவில்லை. அன்றைக்கு முழுக்க கம்பெனியில் அந்த அம்போடுதான் நின்று மற்றவர்கள் தையலில் குறை கண்டுபிடித்தாராம். சாயந்திரம் கேட்டில் தலைமையாசிரியை மறுபடியும் கேட்டபோது, கயலின் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "நாளைக்குச் சாயந்தரம் சொல்றனுங்க" என்றார். அப்புறம் ஒருதரம் மூடினார்கள், திறந்தார்கள். மழையில் ஒருமுறை அவளுக்கு இளைப்பு வந்து எல்லார் உயிரையும் வாங்கியது. ஒரு வாரத்தில் வெறும் சளி என்று ஆகிவிட்டது. தினமும் கேட்டில் அதே கேள்வி, அதே பதில். கயல் அங்கே படித்து முடிக்கும்வரை அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவர் பாஸ் போடவேயில்லை.

போன வருடம் அவர்கள் பெருமாநல்லூர் பக்கம் சொந்தமாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன், புதுவீட்டுச் சுவர் முழுக்க அம்பு. கொத்தனார் ஓர் ஓரமாக உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார். எங்கள் தெரு இப்போது அமைதியாக இருக்கிறது. கிளாஸில் கீறல் இருந்தாலும் டீ குடிக்கிறோம். கேட்டின் தாழ்ப்பாளை எப்போதோ மாற்றிவிட்டோம், துரு ஒரு பொட்டுகூட இல்லை. சென்ற வாரம் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்தபோது, தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் இருந்த அண்ணனின் பழைய ஸ்டிக்கரைச் சுரண்டக் கத்தியை எடுத்தார். நான் வேண்டாம் என்று சொல்லி, அதைச் சுற்றி அடிக்கச் சொன்னேன்.